புதுக்கோட்டைப் பக்கம் 12 நாள்: ரங்கூனிலிருந்து போகிறவர்கள் என்ன பார்ப்பது?

கேள்வி, அக்டோபர் 6

மதுரை, பழனி, இராமேசுவரம் மூன்றும் 2014இல் அம்மாவோடு போய் வந்தோம். இம்முறை பொங்கலை ஒட்டி 12 நாள் கிடைத்திருக்கிறது. கூட்டம் இல்லாத இடமாக வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, மலை ஏற முடியாது. அப்பாவின் பூர்வீகம் அறந்தாங்கிப் பக்கம் என்பார்கள். ஊர்ப்பெயர் சரியாகத் தெரியாது. பயண முகவர் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 6, இரவு

அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள், தம்பி. பர்மாவின் மேமியோ மலைக் குளிரைப் பார்த்துவிட்ட நமக்கு ஊட்டி எதற்கு?

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2009இல் வேன் வைத்து, ஒரே வாரத்தில் பதினொரு கோயில். அந்தப் பயணத்தில் இன்றைக்கு நினைவில் நிற்பது வேனின் பின்சீட்டும் மைத்துனரின் வாந்தியும்தான். 2023 தை, மாசியில் மனைவியோடு போனபோது வேன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். புதுக்கோட்டையில் ஓர் அறை எடுத்து 19 நாள் அங்கேயே இருந்தோம். காலையில் டவுன் பஸ், மதியம் திரும்பிச் சாப்பாடு, தூக்கம், மாலையில் கடைத்தெரு. இதையே உங்களுக்கும் சொல்கிறேன். சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர். தொண்டைமான் கட்டிய திருமயம் கோட்டை 20 கிலோமீட்டர். போகும் வழியில் நமணசமுத்திரத்தில் மண் குதிரைகள். இந்தப் பக்கம் காரைக்குடி, அந்தப் பக்கம் அறந்தாங்கி. எல்லாவற்றுக்கும் பஸ் இருக்கிறது.

சென்னைக்கே போக வேண்டாம். கோலாலம்பூர் வழியாகத் திருச்சியில் இறங்குங்கள். அங்கிருந்து புதுக்கோட்டை 55 கிலோமீட்டர்தான்.

அக்டோபர் 7

லாட்ஜ் விஷயத்தை விட்டுவிட்டேன். நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது.

இரவு பதினொன்றுக்குப் போய் இறங்கினோம். முதல் லாட்ஜில் அறை இருக்கிறது என்று சாவியைக் கையில் எடுத்தார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும் சாவி மறுபடி ஆணிக்குப் போய்விட்டது. நெற்றியில் விபூதி, வாயில் தமிழ், பாஸ்போர்ட்டில் பர்மியப் பெயர். பையன் என்னைப் பார்க்கிறான், பெயரைப் பார்க்கிறான், மறுபடி என்னைப் பார்க்கிறான். "சார், இது உங்களுடையதா?" என்றான். நம் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர் உண்டு என்பதை நள்ளிரவில் யாருக்கு விளக்குவது? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வைத்த பெயர் தாளில், பாட்டி வைத்த பெயர் வீட்டில்.

விஷயம் இதுதான். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் என்று எல்லோரும் சொல்லும் ஒன்றை விடுதிக்காரர் இணையத்தில் ஏற்ற வேண்டும். சின்ன லாட்ஜ்களில் பலருக்கு அந்த வழக்கமே இல்லை, அதனால் அறை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது இடத்தில் முதலாளியே வந்து உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் ஒரு விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். கிளம்புவதற்கு முன்பே போன் போட்டு, "சி படிவம் போடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிர்முனை மௌனமானால் அடுத்த எண்.

அக்டோபர் 9

திருத்தம். தாட்டோனிலிருந்து எழுதும் நண்பர் சுட்டிக்காட்டியது சரி. திருமயம் கோட்டையைத் தொண்டைமான் கட்டவில்லை. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டியது. தொண்டைமான்கள் கைக்குப் பிறகுதான் வந்தது. புதுக்கோட்டை என்றாலே தொண்டைமான் என்று கை தானாக எழுதிவிட்டது.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு சொல்: கோட்டை உச்சிக்கு ஏறாமலும் திருமயம் பார்க்கலாம். கீழே, பாறையை ஒட்டி, பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெருமாள் பாறையிலேயே பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே பார்வையில் தலையும் காலும் அகப்படாது, கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். மேலே போகும் வழியில் ஒரு குடைவரை லிங்கத்துக்கு இரும்பு ஏணி உண்டு. ஏணியைப் பார்த்ததும் என் மனைவி கைப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். நான் ஏறினேன், இறங்கும்போது வருத்தப்பட்டேன்.

அக்டோபர் 12

சித்தன்னவாசல் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார்கள்.

அங்கே இரண்டு இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பாதியோடு திரும்பி வருகிறவர்கள் அதிகம். ஒன்று ஏழடிப்பட்டம். பாறையின் மேல் ஏறி, மறுபக்கச் சரிவில் ஏழு படிக்குழிகளில் கால் வைத்து இறங்கினால் இயற்கையான குகை. உள்ளே சமண முனிவர்கள் படுத்த பதினேழு கல் படுக்கைகள். ஒன்றின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. படுக்கைகள் வழுவழுவென்று இருக்கின்றன, தலைமாட்டில் தலையணை போலக் கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி இருந்தாலும் காலை ஒன்பதுக்கு மேல் பாறை சுடும். அம்மாவுக்கு வேண்டாம்.

மற்றொன்று அறிவர் கோயில். சில படிகள்தான், அம்மா வரலாம். சின்னக் குடைவரை. இங்கே நிமிர்ந்து மேற்கூரையைப் பார்க்க வேண்டும். ஒரு தாமரைக்குளம். மீன், வாத்து, எருமை, யானை எல்லாம் தண்ணீரில் கிடக்கின்றன, நடுவில் பூப்பறிக்கிறவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். நிறைய உதிர்ந்துவிட்டது, அதனால் உள்ளே போனதும் ஏமாற்றம் வரும். உட்கார்ந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கண் இருட்டுக்குப் பழகி, இல்லாத இடத்திலிருந்து ஒரு மீன் வரும், அதன் பக்கத்தில் ஒரு தாமரைத் தண்டு வரும். நான் முதலில் பார்த்தது ஒருவர் கையிலிருந்த பூ; அந்தக் கைக்கு உரிய முகம் பத்து நிமிடம் கழித்துத்தான் கிடைத்தது.

உள் அறையில் காவலர் எங்களைச் சும்மா நிற்கச் சொல்லிவிட்டு, தொண்டைக்குள் மெல்ல முனகினார். அறை முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். பர்மா என்றதும், "அங்கே நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்களா?" என்றார். அந்த மண்ணில் இந்தக் கேள்வியை எண்ணினேன். 19 நாளில் முப்பத்தொரு தடவை.

அக்டோபர் 13

டிக்கெட். தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டவர் கட்டணம் இந்தியர் கட்டணத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல். நாங்கள் முதல் வாரம் முழுவதும் அதையே கட்டினோம். பிறகு ஓரிடத்தில், இடத்தின் பெயர் வேண்டாம், கட்டணப் பலகையின் அடியில் பொடி எழுத்தில் படித்தேன்: சார்க், பிம்ஸ்டெக் நாட்டுக் குடிமக்களுக்கும் இந்தியர் கட்டணமே. பிம்ஸ்டெக் என்பது வங்காள விரிகுடா ஓர நாடுகளின் கூட்டமைப்பு, பர்மாவும் அதில் இருக்கிறது. சீட்டுக் கொடுத்தவரிடம் காட்டினேன். அவர் எழுந்து வெளியே வந்து, தன் பலகையைத் தானே முதல் முறையாகப் படித்தார். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இன்னொன்று: சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் கிடையாது. கண்டக்டர் என் மனைவிக்கு இலவசச் சீட்டும் எனக்குக் காசுச் சீட்டும் கிழித்துக் கொடுப்பார். 19 நாளும் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்து, ஊர் திரும்பியதும் தன்னால் எவ்வளவு மிச்சம் என்று எனக்குக் கணக்குக் காட்டினாள்.

அக்டோபர் 17

"புதுக்கோட்டையைத் தவிர உங்களுக்கு வேறு ஊரே தெரியாதா?" என்று ஒருவர். தெரியும். தனுஷ்கோடிக்கு 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டுவிட்டார்கள். இப்போது அது கூட்டமுள்ள இடம், சங்கு மாலை விற்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போன ஊர் என்பதற்காகப் பார்க்கலாம். அதே 1964இல்தான் இங்கே பர்மாவில் நம் கடைகள் அரசுடைமையாகி, கையிலிருந்த 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. அந்த ஆண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் அப்பா எழுந்து போய்விடுவார்.

வேறு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து பஸ். வெட்டுவான் கோயில் என்று பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயில். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, அடிப்பாகத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்கள். விமானத்தில் சிற்பங்களின் முகத்தில் சிரிப்பு வரை செதுக்கியிருக்கிறது, கீழே உளித் தடத்தோடு பாறை அப்படியே நிற்கிறது. வேலையை யார் நிறுத்தச் சொன்னது என்று நாள் முழுவதும் யோசித்தேன். வரும்போது கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வாங்குங்கள். ஆனால் அதற்கு இரண்டு நாள் தனியாக வேண்டும், அம்மாவுக்கு ஏற்றமும் உண்டு. 12 நாளில் நுழைக்காதீர்கள்.

அக்டோபர் 20

குதிரைகள்.

நமணசமுத்திரத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அய்யனார் கோயில். வழியின் இரு பக்கமும் சுட்ட மண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஏதோ ஒரு நாள் செய்து வைத்தவை அல்ல. வேண்டுதல் பலித்தவர்கள் ஆண்டுக்காண்டு கொண்டுவந்து வைத்தவை. புதியது செம்மண் நிறத்தில் முன்னால். பழையது கறுத்து, பாசி பிடித்துப் பின்னால். இன்னும் பின்னால் போனால் தலையில்லாதவை, காலில்லாதவை, அதற்கும் பின்னால் வெறும் ஓடு. உடைந்ததை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. ஒன்றின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கூடு, களிமண்ணில் குயவரின் விரல் தடங்கள் வரிவரியாக அப்படியே வெந்து இருந்தன. என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். அவர் கை என் கையைவிடச் சின்னது.

குதிரைகளை ஊர்வலமாகத் தூக்கி வந்து வைக்கும் திருவிழாவுக்குப் புரவி எடுப்பு என்று பெயர். நாங்கள் போன நாளில் திருவிழாவும் இல்லை, ஆளும் இல்லை. ஓர் ஆடு மட்டும் குதிரையின் நிழலில் படுத்திருந்தது. ஏற்றம் கிடையாது. அம்மாவுக்கு இதுதான் இடம்.

அக்டோபர் 21

"பெரிய குதிரை" பற்றிக் கேட்டவருக்கு: அது நமணசமுத்திரம் இல்லை, குளமங்கலம். கீரமங்கலம் பக்கம். அங்கே ஒரே குதிரை, 33 அடி உயரம் என்கிறார்கள். மாசி மகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகள் சாத்துவார்கள். நாங்கள் மாசி மகத்துக்கு நான்கு நாள் முன்னால் கிளம்பிவிட்டோம். மனைவி அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

அக்டோபர் 26

சாப்பாடு. புதுக்கோட்டையில் முட்டை மாஸ் சாப்பிடுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

நான் சொல்ல வந்தது உளுந்து பற்றி. நான் 31 ஆண்டு ரங்கூன் பயின்னவுங் சந்தையில் பருப்பு வியாபாரிக்குக் கணக்கு எழுதியவன். இந்தியாவுக்கு வெளியிலிருந்து போகும் உளுந்தில் பெரும்பகுதி நம் பர்மா உளுந்து. பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடையில் மாவு ஆட்டும் இடத்தில் மூட்டை கிடந்தது. கை துறுதுறுத்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர்" என்றேன். கடைக்காரர் நம்பவில்லை. "இது சென்னையிலிருந்து வருகிறது" என்றார். சென்னைக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை, இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

காரைக்குடியில் கவுனி அரிசி என்று கறுப்பு அரிசியில் சர்க்கரையும் தேங்காயும் போட்டுத் தருவார்கள். செட்டிநாட்டுத் தொன்மைப் பலகாரம் என்று பரிமாறியவர் விளக்கினார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ரங்கூன் தாமுவேயில் தினமும் காலையில் தெருமுனையில் விற்கிற ஒட்டரிசி, கௌக்ஞின்! பெயர்கூட பர்மாவிலிருந்து கப்பலேறிப் போனதாகத்தான் இருக்கும். பரிமாறியவரிடம் சொன்னேன். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு, இன்னொரு கரண்டி போட்டார்.

நவம்பர் 2

கானாடுகாத்தான். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

போக வேண்டிய ஊர்தான். ரயில் நிலையத்துக்கே செட்டிநாடு என்று பெயர். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளிவரும் அளவுக்கு வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று கதவுக்குப் பின்னால் கதவு. எல்லாம் ஒரே நேர்க்கோட்டில், முன்வாசலில் நின்றால் கொல்லைப்புற வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறது. பெரும்பாலானவை ஆண்டில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கின்றன, கல்யாணத்துக்குத் திறப்பார்கள். ஒரு வீட்டில் காவலாளி திறந்துவிட்டார்.

முகப்பில் தேக்குத் தூண்கள். ஒரு தூணை நான் இரு கைகளாலும் கட்டிப் பார்த்தேன், விரல்கள் சந்திக்கவில்லை. கறுப்பாக, எண்ணெய் ஊறி, மதிய வெயிலிலும் குளிர்ச்சியாக இருந்தது. "பர்மா தேக்கு" என்றார் காவலாளி, என்னமோ எனக்குத் தெரியாதது போல. என் தாத்தா ரங்கூன் பஸுண்டாங் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர். கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் வந்து இறங்கியவர். வாழ்நாள் முழுவதும் சுமந்து அவர் கட்டியது டலாவில் ஒரு மூங்கில் வீடு. அதை நினைத்ததும் தூணை விட்டுவிட்டேன். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6. விலை வீழ்ந்து கடன் திரும்பாமல், 1938க்குள் நூற்றுக்கு 25. பர்மியர்கள் நம் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்த்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். வட்டி வாங்கியவர் வேறு, மூட்டை சுமந்தவர் வேறு. அடி விழுந்தபோது இருவருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

அழகான வீடு. நான் படம் எடுக்கவில்லை.

நவம்பர் 3

மோல்மீன் அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா ஒரு செட்டியார் கடையில் அடுப்படி ஆளாக வந்து, அங்கேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, கணக்குப்பிள்ளையானவர். 1942இல் ஜப்பான்காரன் குண்டு விழுந்து எல்லோரும் ஓடியபோது அவருக்கு வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பியதும் அதே கடைதான் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன், அக்கா. நிலமும் வட்டியுமாக இருந்தவர்களும் 1942இல் பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். போட்டுவிட்டு வந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவில்லை. நேற்று எழுதியதை அழிக்கப் போவதில்லை. ஆனால் "படம் எடுக்கவில்லை" என்பது முழு உண்மை இல்லை. மனைவி எடுத்தாள், நான் தூண் பக்கத்தில் நிற்கிறேன்.

நவம்பர் 8

மனம் ஆறுவதற்கு ஆத்தங்குடி. கானாடுகாத்தானிலிருந்து பக்கம். தரையோடு கையால் செய்வதைப் பட்டறையிலேயே நின்று பார்க்கலாம், விரட்டமாட்டார்கள்.

கண்ணாடிச் சில்லை மேசையில் வைத்து அதன் மேல் சதுரச் சட்டம். உள்ளே பூவடிவத் தகரத் தடுப்பு. ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் விடுகிறார்கள். பிறகு அந்த ஆள் தடுப்பை மேலே தூக்குகிறார். இதுதான் வேலை. வண்ணங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் கலக்கக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார், நானும் பிடித்துக்கொண்டேன். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்பக்கத்துக்குக் கலவை பூசி, தண்ணீரில் ஊறவைத்து, காயவிடுகிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். பளபளப்பு அந்தக் கண்ணாடி விட்டுப்போனது, தனியாக மெருகு கிடையாது. ஒரு கல் வாங்கினேன். விமானத்தில் கைப்பையில் மூன்று கிலோ. இப்போது தாமுவேயில் தேநீர்க் குவளை வைக்கிற பலகை.

நவம்பர் 15

நாகப்பட்டினம் போகலாமா என்று தாட்டோன் நண்பர். கேள்விக்கு வெளியே போகிறோம், போகட்டும்.

பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அதனாலேயே நான் போனேன். என் தாத்தா கப்பலேறியது அங்கேதான். அதற்கும் முன்னால் அங்கே சூடாமணி விகாரை இருந்தது, இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டியது. மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

நம் பெகுவில் கல்யாணி சீமைக் கல்வெட்டு இருக்கிறதே, தம்மசேதி மன்னர் 15ஆம் நூற்றாண்டில் வைத்தது? நான் சின்ன வயதில் அதன் பக்கத்தில் கோலி விளையாடியிருக்கிறேன். இலங்கைக்குப் போன பிக்குகள் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து, நாகப்பட்டினத்துக்கு வந்து, அங்கே பழைய விகாரை இருந்த இடத்தை வணங்கினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். பகானில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. மலைமண்டலத்துக் குலசேகர நம்பி என்பவர் நானாதேசி விண்ணகருக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்தது பற்றியது. நம்மில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறோம்? நான் இல்லை. கல்வெட்டுப் பார்க்கப் புதுக்கோட்டைக்கு விமானம் ஏறுகிறேன்.

நவம்பர் 23

பூர்வீக ஊர். தம்பி, இதில் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நானும் தேடினேன். தாத்தா சொன்ன பெயரில் அறந்தாங்கி வட்டாரத்திலேயே மேலதும் கீழதுமாக நான்கு ஊர்கள். முதல் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. பெரியவர் ஒருவர், "ரங்கூன் போனவர் வீடா? அதோ" என்று ஒரு திடலைக் காட்டினார். கண் கலங்கி ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது ஊரிலும் ரங்கூன் போனவர் திடல் ஒன்று இருந்தது. மூன்றாவது ஊரில் இரண்டு. ஊருக்கு ஊர் ஆள் போயிருக்கிறார்கள், எல்லா ஊரிலும் ஒரு திடல் இருக்கிறது. எடுத்த மண்ணை எந்த ஊரில் திருப்பிப் போடுவது என்று தெரியாமல் ஆவுடையார்கோயில் நந்தவனத்தில் போட்டுவிட்டேன்.

ஆகவே ஆவுடையார்கோயிலுக்குப் போங்கள். அறந்தாங்கியிலிருந்து அரை மணி நேரம். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைச் செலவழித்த திருப்பெருந்துறை. லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கல் அரிசிச் சோற்றை ஆவி பறக்கப் படைகல்லில் கொட்டுவார்கள், கீரையும் பாகற்காயும் உண்டு; சாமிக்கு அந்த ஆவிதான் நிவேதனம். ஓலையும் மரமும் வைத்துக் கட்டியது போலக் கல்லிலேயே தாழ்வாரம்: கல்லில் சட்டம், கல்லில் ஆணி. கொடுங்கை என்பார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கையைத் தவிர மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். நடை முழுவதும் சமதளம், தூண் நிழல். அம்மா விருப்பப்பட்ட இடத்தில் உட்காரலாம்.

நவம்பர் 24

நேற்று எழுதியதைப் படித்தால் தேடாதே என்று சொல்வது போல இருக்கிறது. அப்படி இல்லை. தேடுங்கள், ஆனால் அதற்காக 12 நாளையும் கொடுக்காதீர்கள். ஒரு நாள் போதும்.

காரைக்குடியில் பர்மா காலனி இருக்கிறது, 64க்குப் பிறகு போனவர்களின் குடும்பங்கள். அங்கே ஒரு வாசலில் பாட்டி ஒருவர் முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தார். தமிழில் பேச்சுக் கொடுத்தேன், நிமிரவில்லை. பர்மியத்தில், "நே கௌங் லா, அம்மா?" என்று நலம் கேட்டேன். முறம் நின்றது. அடுத்த இரண்டு மணி நேரம் பர்மியத்தில்தான். அவருடைய மருமகளுக்கு ஒன்றும் புரியாமல் வாசலில் நின்று சிரித்தாள். அறுபது ஆண்டு பேசாத மொழி, முதலில் தடுக்கிற்று, பிறகு எனக்கே தெரியாத பழைய வார்த்தைகளாக வந்தது. ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஙப்பி, அதாவது நம் மீன் விழுது, என்ன விலை என்று கேட்டார்.

டிசம்பர் 19

மழை அங்கே இன்னும் விடவில்லை என்று கேள்வி. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் அடித்து, மார்கழியில் ஓயும். நீங்கள் போகும்போது கண்மாய்களில் தண்ணீர் நிறைந்திருக்கும், பார்க்க நல்ல நேரம். பொங்கலுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் பஸ்ஸில் ஏறாதீர்கள். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக அந்த மாவட்டத்தில் தச்சங்குறிச்சியில்தான். நீங்கள் மட்டும் போய் வாருங்கள். டாலர் நோட்டு மடிந்திருந்தாலும் திருச்சியில் வாங்கிக்கொள்கிறார்கள், இங்கே போல இஸ்திரி போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை.

ஊறுகாய்த் தேயிலை இரண்டு பொட்டலமும் முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்காக் கட்டை ஒன்றும் பெட்டியில் வையுங்கள். பர்மா காலனிப் பாட்டிக்கு; எந்த வீடு என்று தனியாக எழுதுகிறேன்.

ஜனவரி 24

தம்பி புதுக்கோட்டையிலிருந்து எழுதியிருக்கிறார். 'சி' படிவம் முதல் லாட்ஜிலேயே போட்டுவிட்டார்கள். ஊர் கிடைக்கவில்லை, திடல் இரண்டு கிடைத்தன. பாட்டி தேயிலையை வாங்கி முகர்ந்துவிட்டு, இது பழையது என்று சொல்லிவிட்டாராம்.

நமணசமுத்திரத்தில் குதிரைகளை எண்ணிவரச் சொல்லியிருந்தேன்; எனக்கும் மனைவிக்கும் இரண்டு ஆண்டாக அதில் வழக்கு. "எண்ண ஆரம்பித்தேன், ஐயா. நாற்பதில் அம்மா ஒரு குதிரையின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை, நானும் உட்கார்ந்துவிட்டேன்" என்கிறார். ஆடு இருந்ததா என்று கேட்டிருக்கிறேன்.